புதன்கிழமை மதியச் சாப்பாடு

அறுநூற்று முப்பத்தெட்டு போட்டோக்களில் அறுநூற்று முப்பத்தேழு ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்துகொள்ள சம்பத்குமாருக்கு ஒன்றரை நாள் பிடித்தது.

மூணாறில் மூடுபனி. வால்பாறையில் தேயிலை. ஊட்டியில் குல்லா மாட்டிக்கொண்டு மிளகாய் பஜ்ஜி. அப்புறம் கர்நாடகத்து மலைகளுக்குள்ளே குதிரேமுக். அங்கே இரும்புச் சுரங்கத்தை இழுத்து மூடி வருஷக்கணக்காகிறது. ஆளில்லாத குவார்ட்டர்ஸ் வரிசை, பாசி பிடித்த பஸ் நிறுத்தம், யாரும் ஏறாத படிக்கட்டு. கடைசியாகக் கோலார் தங்கவயல். துருப்பிடித்த சுரங்கக் கோபுரமும் மண்மேடுகளும். ஒவ்வொன்றின் முன்னாலும் எபனேசர் என்கிறவனின் அகலமான முகம்.

"சார், இந்தப் பய மலையப் பாக்கப் போனானா, மலைக்கு மூஞ்சியக் காட்டப் போனானா?" என்றாள் முத்துச்செல்வி.

அவள் சம்பத்குமாரின் உதவியாளர். முப்பத்திரண்டு வயது. உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கடையில் உட்கார்ந்து வளர்ந்தவள். வருகிறவன் வாங்க வந்தானா, சும்மா விலை கேட்க வந்தானா என்று செருப்புச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். சம்பத்குமார் தூத்துக்குடித் துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் சரக்கு சர்வேயராக இருந்தவர். நனைந்த மூட்டை கடலில் நனைந்ததா, இன்ஷூரன்ஸுக்காகக் குழாயடியில் நனைந்ததா என்று பார்த்துப் பார்த்து, மனுஷர்களையும் அப்படியே பார்க்கிற வியாதி வந்து, கடைசியில் துப்பறியும் அலுவலகம் என்று ஒரு போர்டு மாட்டிக்கொண்டார். இன்றைக்கு அந்தப் போர்டைக் கழற்றிக் கடலில் போட்டால் என்ன என்று தோன்றிக்கொண்டிருந்தது.

எதிர் நாற்காலியில் ஆதிலக்ஷ்மி உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். ஆதிச்சநல்லூரைத் தாண்டி ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் அவருடைய கணவர் ஸ்ரீனிவாச பட்டர் நாற்பது வருஷமாக அர்ச்சகர். ஒரே பிள்ளை தேசிக், துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் வேலை. அந்தப் பிள்ளை மூன்று நாளாக போலீஸ் காவலில் இருந்தான்.

விஷயம் இதுதான். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் யாரோ ஒரு வியாபாரி அந்தப் பெருமாளுக்கு ஒரு முத்துப் பதக்கம் சாத்தினார். போன புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, நடை சாத்தியிருந்த நேரத்தில், ஹெல்மெட் போட்ட ஒருவன் தேசிக்கின் பைக்கில் வந்து இறங்கி, சாவி போட்டுக் கோயிலைத் திறந்து உள்ளே போனான். எதிர் வீட்டுக்காரர் பார்த்தார். பட்டர் பிள்ளைதானே என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். சனிக்கிழமை நகைப் பெட்டியைத் திறந்தால் பதக்கம் இல்லை.

அந்தப் புதன்கிழமை நான் குதிரேமுக்கில் இருந்தேன் என்றான் தேசிக். எபனேசர், செந்தூர்வேல் என்ற இரண்டு நண்பர்களோடு எபனேசரின் காரில் மலைப்பயணம் போயிருந்தானாம். பைக்கைச் செந்தூர்வேலின் மளிகைக் கிடங்கில் நிறுத்திச் சாவிக்கொத்தையும் அங்கேயே மாட்டிவிட்டுப் போனானாம். கோயில் சாவியும் நகைப் பெட்டிச் சாவியும் அந்தக் கொத்தில்தான். கிடங்கில் நாலு பேர் வருவார்கள், போவார்கள். ஆனால் அதில் கோயில் சாவி எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டியன் கேட்டார். நியாயமான கேள்விதான்.

லாட்ஜ் பதிவேட்டில் எபனேசரின் ஆதார் மட்டும்தான் இருந்தது. தேசிக்கின் செல்போன் மூணாறு அருவியிலேயே விழுந்து செத்துவிட்டது. தேசிக்கை நேற்று ஸ்டேஷனில் பார்த்தபோது, புதன்கிழமை என்ன நடந்தது என்று சம்பத்குமார் ஏழு தடவை கேட்டார். ஏழு தடவையும் பையன் தரையைப் பார்த்து, "நான் அங்கதான் சார் இருந்தேன்" என்றதோடு சரி. வேறு வார்த்தை இல்லை. கல்லில்கூட நார் உரித்துவிடலாம்.

"மாமி, அவன் என்னத்தையோ மறைக்கிறான்" என்றார் சம்பத்குமார்.

"அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதான் வாய மூடிண்டிருக்கான்." ஆதிலக்ஷ்மியின் குரல் வகுப்பறைக் குரல், இன்றைக்கு அதில் பாதிதான் மிச்சம். "நாளைக்குக் காலம்பற ஒன்பது மணிக்குக் கோயில் கமிட்டி கூடறது. இனிமே அவர் பெருமாளைத் தொடப்படாதுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கப் போறா. நாற்பது வருஷம் கழிச்சு, திருடனைப் பெத்தவர்னு. பிள்ளை இன்னிக்கில்லேன்னா அடுத்த மாசம் வெளியில வந்துடுவான். இவர் அதுவரைக்கும் இருக்கமாட்டார், சம்பத். நான் மிகையாச் சொல்றவ இல்லே."

அவர் படி இறங்கிப் போன பிறகு, சம்பத்குமார் செல்போனை மறுபடி கையில் எடுத்தார்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு போட்டோ. அந்தப் புதன்கிழமை குதிரேமுக்கில் நல்ல மழை. நாள் முழுக்க எடுத்தது அந்த ஒரு படம்தான். புதன்கிழமை மதியம் ஒன்று முப்பத்தைந்துக்கு ஒரு மெஸ்ஸில் எபனேசர் எடுத்து, சொந்தக்காரர்களும் நண்பர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது. மேஜையின் இந்தப் பக்கம் ஓர் இலை, எதிர்ப்பக்கம் ஓர் இலை. சோறு, குழம்பு, பொரித்த மீன். ஆள் யாரும் படத்தில் இல்லை. இரண்டு இலை என்றால் இரண்டு பேர். எபனேசரும் செந்தூர்வேலும் சாப்பிட்டார்கள், தேசிக் அங்கே இல்லவே இல்லை, மற்ற இருவரும் அவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார்கள் என்பது இன்ஸ்பெக்டரின் கணக்கு.

"சரி, படம் எடுத்தவனையே பிடிப்போம். கிளம்பு" என்றார் சம்பத்குமார்.

எபனேசர் படகு இன்ஜின் மெக்கானிக். தெரேஸ்புரத்தில் ஒரு தகரக் கொட்டகைதான் அவனுடைய பட்டறை. போய்ப் பார்த்தால் பூட்டு. பக்கத்து டீக்கடை வில்பிரட், "எபனேசரா? காயல்பட்டினத்துக்கு ஜெனரேட்டர் பாக்கப் போயிருக்கான். கல்யாண மண்டபம். போன்லாம் எடுக்க மாட்டான், கையில கிரீஸு" என்றார்.

காயல்பட்டினம் போனார்கள். சம்பத்குமாரின் பழைய மாருதியை உப்புக்காற்று ஒரு பக்கமாகத் தின்றுகொண்டிருந்தது. ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும். ஊருக்குள்ளே சந்து சந்தாகப் போய், நாலு ஸ்கூட்டருக்கும் ஒரு ஆட்டோவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் இருபத்தைந்து நிமிஷம் நின்றது.

"இறங்கி நடந்துருவமா சார்? எப்படியும் வண்டிய எவனும் களவாங்க மாட்டான்."

நடந்தார்கள். மண்டபத்து வாசலில் ஒரு பெரியவர் அன்பாக உட்காரச் சொல்லி, ரோஸ் மில்க் கொடுத்து, அவர்கள் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, "எபனேசர் தம்பி அரை மணி நேரம் முந்தியே போயாச்சே. தெரேஸ்புரத்துக்குத்தான்" என்றார்.

சம்பத்குமாருக்கு வந்த கோபத்தை வைக்க இடமில்லை. ரோஸ் மில்க் கொடுத்த மனுஷன் மேல் கோபப்பட முடியுமா? திரும்பி நடந்தார். முதுகெல்லாம் வேர்வை. முத்துச்செல்வி வழியெல்லாம் ரோஸ் மில்க்கைப் புகழ்ந்துகொண்டே வந்தாள். அதுவே அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டு மணிக்குத் தெரேஸ்புரத்தில் எபனேசர் அகப்பட்டான். பிரித்துப் போட்ட இன்ஜினுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். போட்டோவில் பார்த்ததைவிட முகம் இன்னும் அகலம். ஆனால் சிரிப்பு இல்லை.

"மூணு பேரும் அங்கனதான் சார் இருந்தோம். போலீஸ்லயும் சொல்லிட்டேன்."

"அப்போ இலை ஏன் இரண்டு?"

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு செந்தூருக்கு. தேசிக் சாப்பிடல."

"ஏன் சாப்பிடல?"

"அன்னிக்கு ஏகாதசியாம் சார்! காலைலருந்து பச்சத்தண்ணி. மத்தியானம் லாட்ஜ்லயே இருந்து ஒரு டம்ளர் பால், ரெண்டு வாழப்பழம். அதோட விட்டானா? மறுநா காலைல ஆறு மணிக்கு விரதம் முடிக்க அகத்திக்கீரை வேணும்னுட்டான். மலை மேல, கொட்டுற மழையில, நான் எங்க போவேன்? கன்னடத்துல அதுக்கு என்ன பேருன்னும் தெரியாது. செல்போன்ல படத்தக் காட்டி வீடு வீடா அலைஞ்சேன் சார். லாட்ஜ் வாட்ச்மேன் சம்சாரந்தான் கொல்லையில இருந்து ஒரு கை ஒடிச்சுக் குடுத்துச்சு."

சம்பத்குமார் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஏகாதசி! எத்தனை தலைமுறையாக இந்த விரதத்தைக் கட்டி அழுத குடும்பம் அவருடையது. அந்தப் புதன்கிழமை ஏகாதசி என்று அவருக்கு நினைவே இல்லை.

"நீங்க அன்னிக்கு வெங்காய வடை ரெண்டு தின்னீய சார். நாந்தான் வாங்கியாந்தேன்" என்றாள் முத்துச்செல்வி, கேட்காமலே.

"இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னியாப்பா?"

"சாப்பிடலன்னு சொன்னேன். ஏன்னு அவிய கேக்கல."

சம்பத்குமார் துள்ளிக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு இலைக்கு விடை கிடைத்துவிட்டது! பிள்ளை அங்கேதான் இருந்தான், விரதம், அதனால் அவனுக்கு இலை இல்லை. முடிந்தது கதை. மாமிக்கு போன் போடக் கையை வைத்தபோது முத்துச்செல்வி மெதுவாகத் தொண்டையைச் செருமினாள்.

"சார், அவன் அங்கன இருந்து சாப்பிடாம இருந்தாலும் ரெண்டு எலைதான். இங்கன வந்து களவாண்டுக்கிட்டு இருந்தாலும் ரெண்டு எலைதான். இன்ஸ்பெக்டர் இதத்தான் கேப்பாவ."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். வாட்ச்மேன் சம்சாரம் ஒருத்திதான் சாட்சி. லாட்ஜ் நம்பரை எபனேசரிடம் வாங்கி அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தார். ஆறு முறை. கன்னடத்தில் ஒரு பெண் குரல் பொறுமையாக ஏதோ சொல்லிவிட்டு வைத்தது. மலையில் மழை பெய்தால் டவர் படுத்துவிடும் என்று எபனேசர் உள்ளேயிருந்து தகவல் சொன்னான்.

"சாப்பிடலாம் சார். பசியில மூளை ஓடாது. ஒங்களுக்கு இன்னிக்கு ஏகாதசி இல்லியே?"

பழைய துறைமுகத்துக்கு எதிரே ஒரு மெஸ். மணி மூன்றேகால். பரிமாறுகிறவர் சாப்பாடு தீரப்போகிற அலுப்பில் இரண்டு இலைகளைச் சுருட்டியபடியே மேஜையில் போட்டுவிட்டுப் போனார். சம்பத்குமார் அவற்றை விரித்தார். தன் பக்கம் ஒன்றைப் போட்டார். பெண்பிள்ளை காலையிலிருந்து கூடவே அலைகிறாளே என்று, கையை நீட்டி எதிரே அவள் பக்கமும் ஒன்றைப் போட்டார்.

முத்துச்செல்வி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இலையைப் பார்த்தாள். சம்பத்குமாரைப் பார்த்தாள்.

"சார், ஒரு வாட்டியாவது பந்தி பரிமாறி இருக்கீயளா?"

"ஏன்?"

"நுனி எனக்கு வலப்பக்கம் கெடக்கு. சாப்பிடுதவளுக்கு இடப்பக்கம்லா நுனி வரணும்? ஒங்க கைக்கு வாட்டமாப் போட்டுட்டீய. எங்க அத்த மட்டும் பாத்தாவன்னா எந்திரிச்சே போயிருவாவ." இலையை அரைச்சுற்று சுற்றித் தண்ணீர் தெளித்தாள்.

சம்பத்குமார் அவள் திருப்பிப் போட்ட இலையையே பார்த்தார். சோறு வந்தது. சாம்பார் வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து அந்தப் போட்டோவைப் பெரிதாக்கினார். இந்தப் பக்கத்து இலையின் நுனி படத்தின் இடது ஓரத்தில். சரி, அது எபனேசர் இலை. எதிர்ப்பக்கத்து இலை? அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு நுனி இடப்பக்கம் வரவேண்டுமென்றால், படத்தில் அது வலது ஓரத்தில் இருக்க வேண்டும்.

இடது ஓரத்தில் இருந்தது.

"செல்வி. இந்த எதிர் இலையை யார் போட்டது?"

அவள் வாயில் சோற்றோடு எட்டிப் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். "இங்கிட்டு இருந்தவன் போட்டிருக்கான். எபனேசர்."

"எதிரே ஆள் உட்கார்ந்திருந்தா உன்னை மாதிரி உடனே திருப்பிப் போட்டிருப்பான். செந்தூர்வேலும் உங்க பக்கத்துப் பையன்தானே?"

"ஆறுமுகநேரி. பந்தியிலயே பொறந்து வளந்தவன். இப்படிப் போட்டா ஒக்காரவே மாட்டான்." அவள் இலையை மூடிவிட்டு எழுந்தாள். "எதிர் எலைக்கு ஆளே இல்ல சார்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. தேசிக் அங்கே இருந்தானா என்று காலையிலிருந்து நாய் படாத பாடு பட்டுத் தேடினால், இல்லாமல் போனவன் செந்தூர்வேல்.

தகரக் கொட்டகையில் எபனேசர் அவர்களை மறுபடி பார்த்ததும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். சம்பத்குமார் போட்டோவை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"எதிர் இலையில சாப்பிட்டது யாரு?"

"செந்தூர் சார்."

"நுனியைத் தப்பான பக்கம் வச்சுக்கிட்டா?"

எபனேசர் படத்தைப் பார்த்தான். அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அந்த அகலமான முகம் ஒவ்வொரு அங்குலமாக வெளிறியது.

"நானே போட்டேன்" என்றான். "சப்ளையர்ட்ட, கூட்டாளி வாரான், சோத்தப் போடுங்கன்னு சொன்னேன். படம் எடுத்துட்டு ரெண்டையும் நாந்தான் தின்னேன்."

"செந்தூர்வேல் எங்க?"

"மங்களூருல ஒரு புள்ள இருக்கு சார். செந்தூரு லவ் பண்ணுதான். இங்கன வீட்டுல வேற எடத்துல பேசி முடிச்சாச்சு, அடுத்த மாசம் கல்யாணம். ஒரே ஒரு தடவ நேர்ல பாத்துப் பேசிட்டு வந்துருதேன்னு அழுதான். செவ்வாக்கிழமை விடியக்காலம் பஸ்ஸு ஏறிப் போனான். வெள்ளிக்கிழமை தங்கவயல்ல வந்து சேந்துக்கிட்டான். குரூப்ல அவன் மச்சினன்லாம் இருக்கான், அதனால எனக்கும் ஒரு எலை போட்டுப் படம் எடுத்து விடுன்னான். விட்டேன்."

"தேசிக்குக்குத் தெரியுமா?"

"தெரியும். பெருமாள் மேல சத்தியம் வாங்கிட்டான் செந்தூரு, யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு."

அப்படியா சேதி! பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. சத்தியத்தை மீறவும் தெரியாத பிள்ளை. லாக்கப்பில் உட்கார்ந்து தரையைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பான்? சம்பத்குமாருக்கு அவன்மேல் இரக்கமும் ஆத்திரமும் ஒரே நேரத்தில் பொங்கின. பெருமாள் பதக்கத்தையே திருடினவனுக்குப் பெருமாள் பேரில் செய்த சத்தியத்தைக் காப்பாற்றுகிறானே, அசடு!

"அந்தப் பெண்ணை நீ பார்த்திருக்கியா? பேரு?"

எபனேசர் யோசித்துப் பார்த்தான். "பேரு... சொல்லலியே சார்."

"பொண்ணே இல்ல அண்ணாச்சி" என்றாள் முத்துச்செல்வி. முதல் தடவையாக அவள் குரலில் கேலி இல்லை. "மங்களூருக்கும் போகல. ஒங்க தேசிக் சாவிக்கொத்து அவன் கிடங்குலதான தொங்குச்சு? கூட்டாளிக்கு எந்தச் சாவி எதுன்னு தெரியாதா? பைக்கும் அங்கனதான் நின்னுச்சு."

"நீ செந்தூருக்குப் போட்ட இலையாலதான் தேசிக் மாட்டினான்" என்றார் சம்பத்குமார். "போலீஸ் இலையை எண்ணிப் பார்த்தாங்க. உனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு. தேசிக்குக்கு இல்லை."

எபனேசர் கிரீஸ் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டான். பெரிய உடம்பு, குலுங்கியது. "அவனுக்காக மழையில கீரை தேடினேன் சார்" என்றான். "அவன நானே உள்ள தள்ளிட்டேனே." கை எடுத்தபோது முகம் முழுக்கக் கரி. அதைத் துடைக்காமலே வந்து காரில் ஏறினான்.

கோயில் ஊர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்போது மணி ஐந்தே முக்கால். இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டியன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அதுவரைக்கும் நல்லது. கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சம்பத் சார். வாழையிலை நுனி இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு எழுதி கோர்ட்டுல குடுத்தா என்னையப் பாத்து மாஜிஸ்ட்ரேட் சிரிப்பாரா, மாட்டாரா?"

"எபனேசரே ஒத்துக்கறானே!"

"இவன் முந்தாநாள் என் முன்னால இதே எடத்துல நின்னு மூணு பேரும் இருந்தோம்னான். இன்னிக்கு ரெண்டு பேருங்கான். நாளைக்கு நாலு பேரும்பான். பொய் சொன்னவன் எப்ப உண்மை சொல்லுதான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க? அந்தப் போட்டோவ என்கிட்ட கொண்டாந்து காட்டுனதே செந்தூர்வேல்தான் வே. களவாண்டவன் எவனாவது தானாப் படத்தத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வருவானா?"

"ரெண்டு எலை இருக்குன்னு காட்டத்தான் வந்திருக்கான்" என்றாள் முத்துச்செல்வி.

"நீ சும்மா இரும்மா."

லாட்ஜுக்கு இன்ஸ்பெக்டரே ஒரு முறை போன் போட்டார். அதே கன்னடப் பெண், அதே பொறுமை. அவர் உதட்டைப் பிதுக்கினார். சம்பத்குமாருக்கு மேஜையை ஓங்கிக் குத்த வேண்டும்போல இருந்தது. உண்மை கையில் இருக்கிறது. ஆனால் பிடித்தால் நிற்காத விலாங்கு மீனாக இருக்கிறது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒரு கிழவர் நாற்பது வருஷம் தொட்ட பெருமாளைத் தொடக் கூடாது என்று கையெழுத்துப் போடுவார். இவர் இலையைப் பற்றி உபந்நியாசம் செய்துகொண்டிருப்பார்.

ஆதிலக்ஷ்மியிடம் என்ன சொல்வது? ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். போனைப் போட்டார். காது மந்தமாக இருந்ததாலும் வெறுப்பினாலும் ஸ்பீக்கரில் வைத்தார்.

"மாமி, நான் சம்பத். ஸ்டேஷன்லேருந்து பேசறேன்."

"சொல்லுங்கோ, ஏதாவது உண்டா? செந்தூர்வேல் இங்கேதான் இருக்கான். காலம்பறத்திலேருந்து ஆத்துக்காரருக்குத் துணையா உட்கார்ந்திருக்கான், பாவம். அவருக்கு ரெண்டு வாய் மோர் சாதம் குடுத்ததே அவன்தான். அவன்கிட்டேயே சொல்றேளா? எனக்குக் கேக்கத் தைரியமில்லே."

சம்பத்குமாரின் கை போன் மேலேயே நின்றது. இன்ஸ்பெக்டர் டீக்கிளாஸை எடுத்து வாயருகே கொண்டுபோனார். அவருக்கு இதில் அக்கறை இல்லை.

"சார், சொல்லுங்க சார்" என்றது ஓர் இளம் குரல். பணிவான, களைத்த குரல். "செந்தூர்வேல் பேசுதேன்."

என்ன சொல்வது என்று சம்பத்குமார் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கெடுத்திருப்பார். "தம்பி, நல்ல சேதி. புதன்கிழமை தேசிக் அங்கேதான் இருந்தான்னு நிச்சயமாயிடுச்சு. அவனை விட்டுடுவாங்க."

ஒரு பேச்சும் இல்லை. உண்மையான சிநேகிதன் என்றால் இந்த இடத்தில் கத்தியிருப்பான். அம்மா, தேசிக் வாரான் என்று கூப்பாடு போட்டிருப்பான். மறுபக்கத்தில் ஒரு மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல் தணிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தது.

"எபனேசர் என்னையப் பத்தி என்ன சார் சொன்னான்?"

இன்ஸ்பெக்டரின் டீக்கிளாஸ் வாய்க்குப் போகாமலே மேஜைக்குத் திரும்பியது. எபனேசர் என்ற பெயரை இந்தப் பக்கத்தில் யாருமே சொல்லவில்லை. சங்கரபாண்டியன் சத்தமில்லாமல் எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, பேசுங்க பேசுங்க என்று விரலால் காட்டியபடி வாசலுக்குப் போய், ஏட்டைக் கூப்பிட்டு ஜீப்பைக் கிளப்பச் சொன்னார்.

"உன்னைப் பத்தியா? ஒண்ணும் சொல்லலையேப்பா" என்றார் சம்பத்குமார். "ஏன், சொல்ல என்ன இருக்கு?"

போனுக்குப் பின்னாலிருந்து ஆதிலக்ஷ்மியின் குரல் கேட்டது. "என்னடா சொல்றார்? ஏன் இப்படி வேர்த்து விட்டுண்டிருக்கே? தேசிக் வரானா? சொல்லேண்டா, என் பிள்ளை வரானா?"

மறுபக்கத்தில் ஒரு நாற்காலி தரையில் உரசி நகர்ந்தது.

சம்பத்குமாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. போனை வாயோடு ஒட்டிக்கொண்டு, ஸ்டேஷன் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். "வரான் மாமி! தேசிக் வரான்! பட்டர்கிட்ட சொல்லுங்கோ!"

செல்போன் திரையில் இணைப்பு எப்போதோ அறுந்து போயிருந்தது.

"பட்டர் வீடு ரெண்டு தெருதான் சார். ஜீப்பு சுத்திக்கிட்டுப் போகும்" என்று முத்துச்செல்வி சொல்லும்போதே எபனேசர் கரி முகத்தோடு வாசலைத் தாண்டியிருந்தான். பதினைந்து வருஷமாக பஸ்ஸுக்குக்கூட ஓடாத சம்பத்குமார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினார்.